புரியாத புத்தகத்தையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கப் போனால் நாம் முதலில் பார்ப்பது எழுத்து பெரிதாக இருக்கிறதா, படம் இருக்கிறதா, வாக்கியம் சின்னதா என்பதைத்தான். கொஞ்சம் கனமாகத் தெரிந்தால், "இது அவனுக்குப் புரியாது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறோம். அந்த அடுத்த வருஷம் வருவதே இல்லை. ஏழாவது, எட்டாவது என்று போய், ஒன்பதாவதில் டியூஷன் ஆரம்பித்து, பத்தாவதில் பொதுத்தேர்வு, அப்புறம் நீட் கோச்சிங் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பள்ளிக்கூடம் முடியும்போது பாடப்புத்தகம் தவிர ஒரு பெரிய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தே இராத பிள்ளை நல்ல மார்க்கோடு வெளியே வருகிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். அதனால்தான் இதை நீளமாகவே எழுதுகிறேன்.

கடினமான புத்தகத்துக்குப் பிள்ளையைத் தயார் செய்துகொண்டே காலத்தைக் கடத்த வேண்டாம். இப்போதே கொடுங்கள். கொடுத்துவிட்டு எழுந்து போகாமல் பக்கத்தில் உட்காருங்கள். பாதி புரியாமல் படித்தாலும் பரவாயில்லை என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது, ஏன் செய்யலாம் என்பது.

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருப் பிள்ளைகள் சிலர் கூடுவார்கள். என் பெண், அவளுடைய தோழிகள், என் அண்ணன் பையன், கீழ்வீட்டில் குடியிருப்பவர்களின் பிள்ளைகள். பெயர் வைத்த அமைப்பெல்லாம் கிடையாது. வெயில் தாழ்ந்து தரையின் சூடு அடங்கிய பிறகு (சித்திரை, வைகாசியில் நம்ம ஊரில் அதற்கே இருட்டிவிடும், தெரியும்தானே) பாய் விரித்து உட்கார்ந்து படிப்போம். ஒருத்தர் வாய்விட்டுப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், யார் வேண்டுமானாலும் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். அங்கே நாங்கள் எடுத்த முதல் பெரிய புத்தகம் பொன்னியின் செல்வன். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியது, 5 பாகம், 2000 பக்கத்துக்கு மேல். "சின்னப் பசங்களுக்கு இதுவா?" என்று கேட்டவர்கள் உண்டு.

அதன் நடையில் சிரமம் ஒன்றும் இல்லை. சிரமம் நீளத்திலும் பெயர்களிலும்தான். ஏழாவது படிக்கிற என் அண்ணன் பையன் ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இன்னா அத்தை, அந்தக் காலத்துப் பெரிய ராஜா பேரும் பராந்தகரு, படுத்த படுக்கையா கீற இந்த ராஜா பேரும் பராந்தகரா? யாரு யாருக்குப் பையன்னே தெரியலை" என்றான். நியாயமான கேள்வி. காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் வம்ச மரம் வரைந்தோம். மேலே முதலாம் பராந்தகர், அவருக்குக் கீழே இராசாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர், அரிஞ்சயருக்குக் கீழே சுந்தர சோழர் (இவர்தான் அந்த இரண்டாவது பராந்தகர்), அவருக்குக் கீழே ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. அந்தத் தாள் மாடிப்படிக் கதவில் ஒட்டப்பட்டது. புதுப் பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகளே போய் எழுதிவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம் அந்தப் புத்தகம் அவர்களுடையதாகிவிட்டது, என் தள்ளுதல் தேவைப்படவில்லை.

இதில் நம்ம ஊருக்கு ஒரு யோகம் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கதை தஞ்சாவூரையும் பழையாறையையும் சுற்றி நடந்தாலும் அந்த மரத்தில் இருக்கிற ஆட்கள் சிலர் நம் பக்கத்தில் வந்துதான் முடிகிறார்கள். இராசாதித்தர் 949ல் ராஷ்டிரகூடர்களோடு நடந்த போரில் யானை மேல் இருந்தபடியே இறந்த இடம் தக்கோலம், அரக்கோணத்துக்குப் பக்கம். அவருடைய தம்பி அரிஞ்சயருக்கு, அருள்மொழி பின்னால் ராஜராஜனான பிறகு தன் தாத்தா என்ற முறையில் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் (இறந்த அரசர் நினைவாக எழுப்புவது) மேல்பாடியில், பொன்னை ஆற்றங்கரையில் இன்றும் நிற்கிறது. கதாநாயகன் வந்தியத்தேவன் வாணர் குலத்துக்காரன். அந்த வாணர்களுக்குத் தலைநகராக இருந்தது நம்ம திருவல்லம், கல்வெட்டுகளில் வாணபுரம் என்று வருகிறது, காட்பாடியிலிருந்து அரக்கோணம் போகிற பாசஞ்சர் நின்றுபோகிற ஸ்டேஷன்தான். இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்குக் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. ஒரு லீவு நாளில் எல்லோரையும் மேல்பாடிக்குக் கூட்டிப்போனோம். கோயில் சின்னதுதான். ஆனால் சுவரில் இருந்த கல்வெட்டில் தெரிந்த எழுத்தைத் தேடி 'இது க, இது ம' என்று அவர்கள் அடித்துக்கொண்ட சண்டையில் அர்ச்சகரே சிரித்துவிட்டார். திரும்பி வந்து மூன்றாம் பாகத்தை எடுத்தபோது அவர்களுக்குச் சுந்தர சோழர், மேல்பாடியில் கோயில் இருக்கிறவருடைய பிள்ளை.

இது வெறும் உற்சாகம் இல்லை, இதற்குக் காரணம் இருக்கிறது. 1988ல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஏழாவது, எட்டாவது வகுப்புப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளைகள், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், பேஸ்பால் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று பிரித்து, படித்ததை எவ்வளவு நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட மேலாகச் செய்தார்கள். ஆக, ஒரு புத்தகம் கடினமா சுலபமா என்பது புத்தகத்தில் மட்டும் இல்லை. படிக்கிற பிள்ளைக்கு அந்த விஷயத்தோடு ஏற்கெனவே எவ்வளவு பழக்கம் என்பதிலும் இருக்கிறது. மேல்பாடியைப் பார்த்த பிள்ளைக்கு அரிஞ்சயர் வெறும் பெயர் இல்லை. வேலூர்க் கோட்டைக்குள் நடந்து, அகழியைப் பார்த்து, மக்கான் பக்கம் நிற்கிற சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைத் தினமும் ஸ்கூல் வேனிலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு அந்தப் புரட்சி நடந்த 1806 ஜூலை 10 பற்றிப் பெரியவர்களுக்காக எழுதிய வரலாற்றுப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துபோன விஷயம், திப்புவின் பிள்ளைகள் ஏன் இங்கே வைக்கப்பட்டார்கள், தலைப்பாகையை மாற்றியதற்கு ஏன் அவ்வளவு கோபம் என்று கேள்வி கேள்வியாக விரியும்.

அந்தத் துணிச்சலில்தான் அடுத்து மலைபடுகடாம் எடுத்தோம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி. ஆமாம், சங்க இலக்கியம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சங்க இலக்கியம் என்றால் மனப்பாடப் பகுதி, சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, அவ்வளவுதான். அதை யாராவது விரும்பி எடுத்துப் படிப்பார்கள் என்றே அவர்களுக்குத் தோன்றியதில்லை. ஆனால் இந்தப் பாட்டின் தலைவன் நன்னன் ஆண்டது செங்கம். இன்று திருவண்ணாமலை மாவட்டம், 1989ல் பிரிக்கிறவரை வட ஆற்காடு. அவனிடம் பரிசு வாங்கிக்கொண்டு வந்த ஒருவர், இனிமேல் போகப்போகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு இது. எந்தப் பக்கம் போகணும், எங்கே பாறை வழுக்கும், தினைப்புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண் கல் எறிவார்கள், அது உங்கள் மேல் படாமல் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள், காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் நடக்காமல் விடிந்த பிறகு கிளம்புங்கள்.

பன்றிப் பொறி வந்ததும் எங்கள் கூட்டத்தில் பேசவே பேசாத ஒரு பெண், "எங்க தாத்தா கொல்லையில வேர்க்கடலைக்குப் பன்னி வந்துடுதுன்னு பழைய புடவையெல்லாம் சுத்திக் கட்டி வெச்சிருப்பாரு" என்று ஆரம்பித்தாள். அவள் தாத்தா ஊர் போளூர் பக்கம். சங்க காலத்துப் புலவர் எழுதிய வரியும் அவள் தாத்தாவின் கொல்லையும் ஒரே பேச்சில் வந்தன. அன்றைக்கு நாங்கள் படித்தது சில வரிகள்தான். உரை இல்லாமல் மூலம் எனக்கும் புரியாது, அதை மறைக்கவும் இல்லை. முதலில் மூலத்தை ஓசைக்காக ஒருமுறை வாய்விட்டு, அப்புறம் உரை, அப்புறம் திரும்ப மூலம். மூன்றாவது முறை படிக்கும்போது நாலைந்து சொற்கள் தானாகத் தெளிந்து வரும். பிள்ளைகளுக்கு அது போதும். எனக்கும் போதும்.

புரியாத புத்தகத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் பெரியவர் உ.வே.சா.தான். 1880ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிற ஆசிரியர் அவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர். அவரிடம் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டுப் பாடம் சொல்லச் சொன்னபோது, நூலும் புதிது, அதிலிருந்த சமண சமய விஷயங்களும் புதிது. அவர் என்ன செய்தார்? தெரிந்தவர்களைத் தேடிப் போனார். கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் சிந்தாமணியை முறையாகப் படித்து வந்தார்கள், அங்கே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887ல் அவர் பதிப்பாக அது அச்சில் வந்தது. அவ்வளவு படித்தவருக்கே புரியாத இடத்தில் துணை தேவைப்பட்டது. பத்து வயசுப் பிள்ளையைத் தனி அறையில் உட்காரவைத்து, புரிந்தால் படி, புரியாவிட்டால் வேறு எடு என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஐந்து விரல் விதி என்று ஒன்று சொல்வார்கள், சில பள்ளிக்கூடங்களில் இப்போது பெற்றோருக்கும் சொல்லித்தருகிறார்கள். பிள்ளை ஒரு பக்கத்தைப் படிக்கட்டும், தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கட்டும், ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் அதிகம், வைத்துவிடு. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுகிற சின்னப் பிள்ளை தனியாகப் படிப்பதற்கு இது சரியாக இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வயசுப் பிள்ளையையும் இந்த விரல்களால் தடுத்து நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன். இந்தக் கணக்குப்படி மலைபடுகடாமின் முதல் இரண்டு அடியிலேயே இரண்டு கையும் மடங்கிவிடும். பிள்ளைக்கு அந்தக் கதையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறதா, கேட்க ஆள் இருக்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். தெரியாத சொல்லை எண்ணிக்கொண்டிருந்தால் அந்தச் சொல் எப்போதுதான் தெரிந்த சொல்லாக ஆகும்?

"அதெல்லாம் சரி, என் பிள்ளைக்குத் தமிழில் எழுத்துக்கூட்டவே திணறுகிறதே, இங்கிலீஷ் மீடியமாச்சே" என்பது அடுத்த கேள்வி. நம்ம பக்கத்தில் வீட்டில் உருது பேசுகிற பிள்ளைகளும் தெலுங்கு பேசுகிற பிள்ளைகளும் கணிசம், அவர்களுக்கும் இதே சிரமம் உண்டு. இதற்கு ஒரே வழி நீங்கள் வாய்விட்டுப் படிப்பது. பிள்ளைகள் தாங்களாகப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது அதிகம், ஏறக்குறைய எட்டாம் வகுப்பு வரைக்கும் அப்படித்தான் என்று இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் எழுத்துத் திணறுகிற பிள்ளைக்குக் கதையும் சுலபமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. எங்கள் கீழ்வீட்டுப் பையன் வீட்டில் பேசுவது உருது. தமிழை மெதுவாகத்தான் படிப்பான். ஆனால் கேட்கும்போது, பழுவேட்டரையர் அடுத்து என்ன சூழ்ச்சி செய்வார் என்று எல்லோருக்கும் முன்னால் ஊகிப்பவன் அவன்தான். அவனுக்கு அவன் படிப்பு வேகத்துக்குத் தகுந்த காக்கா நரிக் கதையைக் கொடுத்திருந்தால் அந்த மூளைக்கு என்ன வேலை இருந்திருக்கும்? இப்போது அவன் அந்தப் பக்கத்தை அவனே படித்துப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போகிறான். நாலு வரிக்கு ஒருமுறை படியேறி வந்து கேட்கிறான், ஆனால் படிக்கிறான்.

படித்து முடித்ததும் "என்ன புரிஞ்சுது, சொல்லு பார்க்கலாம்" என்று கேட்காதீர்கள். தயவுசெய்து. அந்த ஒரு கேள்வியில் புத்தகம் பாடமாகிவிடும், அம்மா டீச்சராகிவிடுவாள். வீட்டுக்கு வந்த மாமா சித்தப்பா முன்னால் நிறுத்தி "சங்க இலக்கியம் படிக்கிறான், ஒரு பாட்டு சொல்லுடா கண்ணா" என்பதும் வேண்டாம். முடித்தால் நூறு ரூபாய் என்பதும் வேண்டாம். பிள்ளைகளிடம் பேசுங்கள், அது வேறு. எனக்கு இந்த இடம் புரியலை, உனக்கு எப்படித் தோணுது? எனக்கு இந்த ஆளைப் பிடிக்கவே இல்லை, உனக்கு? இப்படிக் கேட்டால் வாய் ஓயாமல் பேசுவார்கள். அலுப்பான பக்கத்தைத் தாண்டிப் போகவும் விடுங்கள். என் பெண் ஓடை, தோப்பு என்று வருணனை வந்தால் தாண்டிவிடுவாள். பின்னால் எப்போதாவது திரும்பிப் படிப்பாள், படிக்காமலும் போவாள். பிடிக்கவே இல்லை என்று பாதியில் வைத்த புத்தகமும் எங்கள் அலமாரியில் இருக்கிறது, அதைப் பற்றி நான் பேச்செடுப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நடை கடினமாக இருப்பது ஒன்று, விஷயம் கனமாக இருப்பது வேறு. வேலம் கிராமத்தோடும் திருப்பத்தூரோடும் பிணைந்து வளர்ந்த நம்ம மு.வ. (மு. வரதராசன்) எழுதிய அகல் விளக்கு நாவல் 1961ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. அதன் தமிழ் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். வாலாஜாப்பேட்டைத் தெருக்களில் தொடங்குகிற கதை. ஆனால் அதில் நன்றாகப் படிக்கிற, அழகான ஒரு பையன் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, தொழுநோய் வந்து வீழ்வதைப் படிக்கிற பிள்ளைக்கு மனசு கனக்கும். அதற்காகத் தடுக்க வேண்டியதில்லை. பதினான்கு, பதினைந்து வயதில் கொடுக்கலாம், ஆனால் அந்த வாரம் நீங்களும் அதைப் படித்துவிட்டுப் பேசக் கிடைக்கிற தூரத்தில் இருங்கள்.

கதை பிடிக்காத பிள்ளைகளும் உண்டு, அவர்களைக் கதைக்குள் இழுக்க வேண்டாம். வானம், நட்சத்திரம் என்று கிடக்கிற பிள்ளைக்குப் பெரியவர்கள் படிக்கிற வானியல் புத்தகத்தையே கொடுங்கள், கணக்கு வருகிற பக்கத்தைத் தாண்டட்டும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986ல் வானியலாளர் வைணு பாப்பு பெயர் வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பொதுமக்களைப் பார்க்க விடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சின்னத் தொலைநோக்கியில் சனிக்கிரகத்தின் வளையத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்த பிள்ளை கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் போதும்.

காசு ஒரு தடையே இல்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் பொன்னியின் செல்வன் முழுவதும் இலவசம், சங்க நூல்களும் அங்கே இருக்கின்றன. ஆனால் நான் முதலில் நூலகத்துக்குத்தான் போகச் சொல்வேன். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், 1948ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. ஆக அந்த அலமாரி நம்முடையது. மாவட்ட மைய நூலகத்துக்கோ பக்கத்துக் கிளை நூலகத்துக்கோ பிள்ளையைக் கூட்டிப்போனால் சிறுவர் பகுதியிலேயே உட்காரவைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். வரலாறு, இலக்கியம், அறிவியல் என்று பெரியவர்கள் எடுக்கிற வரிசைகளிலும் நடக்கவிடுங்கள். பிள்ளையின் கார்டில் அந்தப் புத்தகத்தைத் தர மாட்டேன் என்றால் உங்கள் கார்டில் எடுத்துக்கொடுங்கள். எங்கள் கிளை நூலகர் முதலில் தயங்கினார், பேசிப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார். இப்போது பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் உரையோடு இருக்கிற பத்துப்பாட்டு வந்தால் எடுத்து வைக்கிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். மலைபடுகடாமில் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது, காட்பாடி, விருதம்பட்டு பக்கம் இருக்கிறவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.